பந்தயக் காரின் விலாக்கூடும் நமது அவசரத் தீர்ப்புகளும்

இலக்கியம் பேசும் இடத்தில் பந்தயக் காருக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுதான். உருவம் முதன்மையா, உள்ளடக்கம் முதன்மையா என்று நமது சிற்றிதழ்கள் பல்லாண்டுகள் வாதிட்டன. எத்தரப்பு வென்றது என்று யாரும் அறிவிக்காமலேயே அவ்விவாதம் ஓய்ந்தும் போனது. அதே வினா, கரியிழையும் காற்றும் பேசும் வேறொரு மொழியில், 2022ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் களத்தில் எழுந்தது. மூன்று நிறுவனங்கள் ஒரே விதிநூலைப் படித்துவிட்டு மூன்று வேறுபட்ட உருவங்களோடு வந்து நின்றன. ஒன்றரை ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் இரண்டு, அவற்றை ஈன்றவர்களாலேயே கைவிடப்பட்டன. வென்ற உருவமே சரியான உருவம் என்று உலகம் தீர்ப்பெழுதிவிட்டது. அத்தீர்ப்பு அவசரமானது என்பதும், அந்த அவசரத்திற்கு ஒரு விலை உண்டு என்பதுமே இங்கு நாம் முன்வைக்க விரும்பும் கருத்து.

சக்கரங்கள் மூடப்படாத இந்தப் பந்தயக் கார்களில், ஓட்டுநரின் இருபுறமும் புடைத்து நிற்கும் பகுதியை சைட்பாட் என்பார்கள். நாம் அதை விலாக்கூடு என்றே அழைப்போம்; பொருத்தமான பெயர்தான். நமது விலாக்கூடு நுரையீரலைக் காப்பதுபோல அதுவும் காரின் மூச்சுறுப்பைத் தன்னுள் வைத்திருக்கிறது. ரேடியேட்டர்கள் அங்கேதான் இருக்கின்றன.

அந்த மூச்சு ஏன் இவ்வளவு முக்கியம்? 2014 முதல் 2025 வரை நடப்பிலிருந்த விதிகளின்படி, 1.6 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குள் மணிக்கு 100 கிலோவுக்கு மிகாமல்தான் எரிபொருள் பாயலாம். அந்த வீதத்தில் எரியும் பெட்ரோல் வெளியிடும் ஆற்றல் ஏறத்தாழ 1,200 கிலோவாட். 2017இல் மெர்சிடிஸ் எஞ்சின் ஒன்று சோதனைக்கூடத்தில் இதில் பாதிக்கும் மேற்பட்டதை இயக்கமாக மாற்றிக் காட்டியபோது அது பெரும் சாதனையாகப் போற்றப்பட்டது. போற்றத்தக்கதுதான். ஆயினும் மறுபாதி எங்கே போயிற்று என்று கேட்க வேண்டுமல்லவா? அது முழுவதும் வெப்பம். ஒரு பங்கு புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். எஞ்சியதை நீரும் எண்ணெயும் சுமக்கின்றன. டர்போ அழுத்தித் தரும் காற்றும் சூடாகிறது. அதைத் தணித்த பிறகே எஞ்சினுக்குள் அனுப்ப இயலும். மின்கலமும் மின்னணுப் பெட்டிகளும் தத்தம் பங்குக்குக் குளிர்ச்சி கேட்கின்றன. இவையனைத்தின் வெப்பத்தையும் கொட்டுவதற்கு இருக்கும் ஒரே இடம், கார் கிழித்துச் செல்லும் அந்தக் காற்றுதான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காற்றை உள்ளே அழைத்தால் அதற்கு வரி கட்ட வேண்டும். ரேடியேட்டரின் நுண்ணிய தகடுகளுக்கிடையே காற்று மிக விரைவாகப் பாய்ந்தால் உராய்வில் பேரிழப்பு நேரும். ஆகவே வாயைச் சிறுக்க வைத்து, உள்ளே வயிற்றை விரியவிட்டு, காற்றின் வேகத்தைத் தணித்துத்தான் தகடுகளுக்குள் அனுப்புகிறார்கள். மறுபுறம் வெளிவருவது களைத்த, சூடான காற்று. அதை எங்கே விடுவது? பின்னிறகின் பாதையில் விட்டால் காரைத் தரையோடு அழுத்தும் விசை குன்றும். பக்கவாட்டில் விட்டால் வேறொரு ஓட்டம் கலங்கும். வாயைப் பெரிதாக்கினால் எஞ்சின் பிழைக்கும். நேர்சாலையில் வேகம் போகும். சிறிதாக்கினால் வேகம் கிட்டும். வெயில் ஏறிய நாளில், முன்னே செல்லும் காரின் சூடான மூச்சையே தானும் உள்ளிழுக்க நேரும்போது, எஞ்சின் தவித்துப்போகும். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே அமைந்த மெக்சிகோ நகரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆண்டுதோறும் அங்கு வரும் கார்கள் தம் உடலைக் கிழித்துக்கொண்டதுபோல் பெரிய திறப்புகளோடு வருவதற்குக் காரணம் அதுதான். அழகிய உடலை வரைந்தவர்கள், அங்கு மட்டும் அதை அரைமனதோடு திறந்துவிடுகிறார்கள்.

இந்தப் போராட்டம் புதிதன்று. 1960களின் கார்கள் சுருட்டு வடிவம் கொண்டவை. ரேடியேட்டர் மூக்கில் இருக்கும். 1970இல் கோலின் சாப்மனும் மொரீஸ் பிலிப்பும் லோட்டஸ் 72ஐ உருவாக்கியபோது ரேடியேட்டரை மூக்கிலிருந்து எடுத்து இரு விலாக்களுக்கும் மாற்றினார்கள். மூக்கு ஆப்புபோல் கூர்மையாயிற்று. 1970, 1972, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளில் தயாரிப்பாளர் பட்டத்தை அக்கார் பெற்றுத் தந்தது. இன்று நாம் காணும் பந்தயக் காரின் தோற்றம், வெப்பத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அன்று கிடைத்த விடையிலிருந்து பிறந்தது.

பிறகு 1977இல் லோட்டஸ் 78, 1978இல் லோட்டஸ் 79. விலாக்கூட்டின் அடிப்பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்த இறகாக வளைத்து, காரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே காற்றை விரையச் செய்து, அதனால் விளையும் அழுத்தக் குறைவைக்கொண்டு காரையே தரையோடு உறிஞ்ச வைத்தார்கள். பிரபம் நிறுவனத்தின் கார்டன் மர்ரி இதற்கு மறுமொழி தேடினார். அவருக்கு வாய்த்த ஆல்ஃபா ரோமியோ எஞ்சின் அகலமானது. விலாவுக்கடியில் வளைவுகளுக்கு இடமே விடவில்லை. அதற்கு முன்பே அவர் வழக்கமான ரேடியேட்டர்களைக் கைவிட்டு, உடலின் மேற்பரப்போடு ஒட்டிய தட்டையான வெப்பமாற்றிகளை முயன்றிருந்தார். அவை போதிய அளவு குளிர்விக்கவில்லை. 1978 ஜூனில் சுவீடனின் ஆண்டர்ஸ்டார்ப் களத்துக்கு அவர் கொண்டுவந்த காரின் பின்புறத்தில் ஒரு பெரிய மின்விசிறி போன்ற விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அது ரேடியேட்டரினூடே காற்றை இழுத்தது. கூடவே காரின் அடியிலிருந்த காற்றையும் இழுத்தது. காற்றியக்கத்துக்கெனவே நகரும் உறுப்பு எதுவும் கூடாது என்பது விதி. இதன் முதன்மை நோக்கம் குளிர்விப்பதே என்பது அவரது வாதம். நிக்கி லாடா 34 விநாடிகளுக்கும் மேலான இடைவெளியில் வென்றார். அந்த வெற்றி செல்லும் என்றே ஏற்கப்பட்டது. ஆயினும் அந்த ஒரே பந்தயத்தோடு கார் திரும்பப் பெறப்பட்டது. வெப்பம் உண்மையான தேவையாகவும் இருந்தது, நல்ல சாக்காகவும் இருந்தது. எது எவ்வளவு என்று அன்றும் யாராலும் பிரித்துக் காட்ட இயலவில்லை.

1983 முதல் தட்டையான அடிப்பகுதி கட்டாயமாயிற்று. ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்து, 2022இல், அடிவயிற்றுக் குகைகள் விதிநூலுக்குத் திரும்பின. நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட மூன்று உருவங்களுக்கு இப்போது வருவோம்.

ஃபெராரியின் எஃப்1-75 அகன்ற விலாக்கூட்டோடு வந்தது. அதன் மேற்பரப்பு குளியல் தொட்டிபோல் உட்குழிந்திருந்தது. மீனின் செவுள்களை ஒத்த பிளவுகள் வரிசையாக வெட்டப்பட்டு, சூடான காற்று அவற்றின் வழியே வெளியேறியது. ரெட் புல்லின் ஆர்பி18, முன்பகுதியில் ஆழமான அடிக்குடைவும், பின்னோக்கிச் சரிந்து இறங்கும் மேற்பரப்பும் கொண்டிருந்தது. மேலே வரும் காற்று அந்தச் சரிவில் வழுக்கிக் காரின் பின்தளத்தை நோக்கி ஓடியது. மெர்சிடிஸ் டபிள்யூ13 மார்ச் மாதம் பஹ்ரைன் சோதனை ஓட்டத்துக்கு வந்தபோது அதற்கு விலாக்கூடே இல்லாததுபோல் தோன்றியது. நெடுக்காக நின்ற குறுகிய வாய்; எலும்போடு ஒட்டிய தோல்; பக்கவாட்டு மோதலைத் தாங்குவதற்காக விதி கேட்கும் தண்டு மட்டும், சிறு இறகுபோல் உறையிடப்பட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுழிய விலாக்கூடு என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

மூன்றும் ஒரே கேள்விக்கான விடைகள். முன்சக்கரம் சுழலும்போது அதன் பின்னே காற்றுக் கொந்தளித்து வரும். அது அடித்தளத்துக்குள் புகுந்தால் உறிஞ்சும் விசை கெடும். அகன்ற விலாக்கூடு ஒரு தோள்போல் நின்று அதை வெளியே தள்ளும். ஒல்லியான விலாக்கூடு தூய காற்றைத் தாராளமாகப் பின்னே அனுப்பும். ஆனால் கொந்தளிப்பைத் தள்ளும் வேலைக்கு வேறு வழி தேட வேண்டும், வெறுமையாக வெளியே நீண்டு நிற்கும் அடித்தளத்தின் விளிம்பும் உறுதியாக இருந்தாக வேண்டும். எதுவுமே இலவசமில்லை.

முடிவை எல்லோரும் அறிவார்கள். 2022இன் 22 பந்தயங்களில் ரெட் புல் 17, ஃபெராரி 4, மெர்சிடிஸ் 1. வேகம் கூடும்போது ஓங்கில் துள்ளுவதுபோல் கார் மேலும் கீழும் குதிக்கும் நோய் பலரையும் வாட்டியது. மெர்சிடிசை மிகுதியாக வாட்டியது. அஜர்பைஜானில் பந்தயம் முடிந்து லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்தபடி காரிலிருந்து இறங்கிய காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். குற்றவாளி யார் என்று கேட்டபோது எல்லா விரல்களும் அந்த இல்லாத விலாக்கூட்டையே சுட்டின. கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதானே!

இனி, பின்னர் நடந்ததைப் பாருங்கள். 2023இல் மொனாக்கோ பந்தயத்தின்போது மெர்சிடிஸ் தனது பழைய உருவத்தைக் கைவிட்டு அகன்ற விலாக்கூட்டுக்கு மாறியது. அந்த ஆண்டு முழுவதும் அதற்கு ஒரு வெற்றிகூடக் கிட்டவில்லை. பழிக்கப்பட்ட உருவத்தோடு ஒன்று. திருத்தப்பட்ட உருவத்தோடு அவ்வாண்டில் ஒன்றுமில்லை. இதிலிருந்து பழைய உருவம் சிறந்தது என்று நாம் வாதிட வரவில்லை. அந்த ஆண்டு ரெட் புல் 22இல் 21 பந்தயங்களை வென்றதால் பிறருக்கு மிச்சமே இல்லை. நாம் சொல்வது, நோய் தோலில் இல்லை என்பதைத்தான். உள்ளே இருந்த அடிச்சட்டம், ஓட்டுநர் அமரும் இடம், இவையெல்லாம் பழைய எண்ணத்துக்கு ஏற்ப வார்க்கப்பட்டவை. முன்சக்கரங்களுக்கு மிக அருகில் அமர நேர்கிறது என்று ஹாமில்டன் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். 2024இல் புதிய சட்டத்தில் அந்த இருக்கை பின்னே நகர்த்தப்பட்டது. தோலை நடு ஆண்டில் மாற்றலாம். எலும்பை மாற்ற இயலாது.

இன்னொரு சான்று. 2022 மே மாதம் ஸ்பெயினில் ஆஸ்டன் மார்ட்டின் தன் காரை ஏறத்தாழ ஆர்பி18இன் இரட்டைப் பிறவிபோல் மாற்றிக் கொண்டுவந்தது. விதிமீறல் இல்லை என்று சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு ஆராய்ந்து சொன்னது. ரெட் புல் அணியினரோ பச்சை நிறப் பானக் குப்பிகளைத் தங்கள் மேசையில் வைத்துக் கேலி செய்தார்கள். உருவம் வந்துவிட்டது, வெற்றி வந்ததா? அவ்வாண்டு அந்த அணி ஏழாவது இடம். ஒரு படைப்பாளியின் நடையை வரிக்கு வரி எடுத்தாளும் இளம் எழுத்தாளர்களை நாம் அறிவோம். நடை வந்துவிடும், அதை ஈன்ற நெருக்கடி வராது. ரெட் புல்லின் விலாக்கூடு அதன் அடித்தளத்தோடும் தொங்கலமைப்போடும் சேர்ந்தே பொருள் தருவது. முதன்மை வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி 1980இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் தம் இறுதியாண்டு ஆய்வுக்கே அடித்தள உறிஞ்சலைத்தான் எடுத்துக்கொண்டார். அவரது ஓவியத்தின் வெளிக்கோட்டை மட்டும் படியெடுத்தவர்களுக்கு அந்த நாற்பதாண்டு கிட்டவில்லை.

இதில் வேடிக்கை, 2024இல் ரெட் புல்லே தன் ஆர்பி20ல் நெடுக்கு வாயும் இறுக்கமான உடலும் கொண்டு வந்தது. மெர்சிடிசின் கைவிடப்பட்ட கனவின் நிழல் அதில் தெரிகிறது என்று பலரும் வியந்தார்கள். அக்கார் முதல் பத்துப் பந்தயங்களில் ஏழை வென்றது. நேற்று தவறு என்று முத்திரை குத்தப்பட்ட எண்ணம், இன்னொரு உடலில் இன்னொரு பொருள் பெற்றது.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். சுறாவும் ஓங்கிலும் வெவ்வேறு குலத்தில் பிறந்தும் ஒரே வடிவத்தை அடைந்தனவே. நீர் அப்படிக் கேட்கிறது. அதுபோலப் பத்து அணிகளும் ஒரே உருவத்தை நோக்கி வந்தால், அது உண்மையைக் கண்டடைந்ததன் அடையாளம்தானே? பாதி சரி. ஆனால் உயிரினங்களுக்குக் கோடி ஆண்டுகள் கிடைத்தன. தோற்றுத் தோற்று வந்து சேர அவகாசம் இருந்தது. இங்கோ காற்றுச் சுரங்கத்தில் 60 விழுக்காட்டுக்கு மேற்படாத மாதிரியைத்தான் வைக்கலாம். அதற்கும் நேரக் கணக்கு உண்டு. 2021 முதல் செலவுக்கு உச்சவரம்பும் வந்தது. முதலாண்டில் அது 14.5 கோடி டாலர். இவ்வரம்புகள் தேவையானவை, பணம் படைத்தவன் மட்டுமே வெல்லும் நிலையைத் தடுப்பவை என்பதை நாம் மறுக்கவில்லை. முன்னாண்டில் பின்தங்கியவர்களுக்குக் கூடுதல் சோதனை நேரம் தரும் ஏற்பாடும் நேர்மையானதே. ஆனால் இவற்றின் விளைவாக ஒரு தவறான கணிப்பின் விலை இரண்டாண்டு என்றாகிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் அறிவுள்ளவன் என்ன செய்வான்? வென்றவனைப் பார்த்து எழுதுவான். அங்கே உருவங்கள் ஒன்றாவதற்கு உண்மை காரணமில்லை, அச்சமே காரணம்.

தோல்வியின் பயனை மறந்துவிட்டோம் என்பதற்கு மெக்லாரன்–ஹோண்டா கதையே போதும். 2015இல் அவர்கள் காரின் பின்புறத்தை முடிந்தவரை ஒல்லியாக்க முனைந்தார்கள். அதற்காக ஹோண்டா டர்போவின் அழுத்தியை எஞ்சினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கிடையேயுள்ள பள்ளத்தில் அடக்கியது. பள்ளம் சிறிது, ஆகவே அழுத்தியும் சிறிது, ஆகவே வலுவும் சிறிது. அணி 27 புள்ளிகளோடு ஒன்பதாம் இடத்தில் முடிந்தது. ஹோண்டாவின் சொந்த மண்ணான சுசூகாவிலேயே, இரண்டாந்தரப் பந்தயத்தின் எஞ்சின் இது என்று பெர்னாண்டோ அலோன்சோ வானொலியில் கத்தியதை உலகமே கேட்டது. உடை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக உடலைப் பட்டினி போட்ட கதை அது. ஆனால் ஹோண்டா அந்த அவமானத்தோடு போய்விடவில்லை. 2017இல் அமைப்பை மாற்றியது. 2018இல் சிறிய அணியான டோரோ ரோசோவோடு சேர்ந்து பழகியது. 2021இல் அதன் எஞ்சின் பூட்டிய ரெட் புல்லில் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் உலகப் பட்டம் வென்றார். இடையில் ஆறாண்டுகள். அந்த ஆறாண்டுப் பொறுமைக்கு இன்றைய களத்தில் இடமுண்டா என்பதே நமது கேள்வி.

கண்ணுக்குத் தெரியும் உருவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்கும் வழக்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. கூட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் இன்னொன்றை நாம் பார்ப்பதில்லை. அது மனித உடல். 2023 அக்டோபரில் கத்தார் பந்தயத்தில் எஸ்டபான் ஓகான் தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தார். லோகன் சார்ஜன்ட் உடல் தாங்காமல் பாதியில் விலகினார். வேறு சிலர் இறங்கி நடக்கவே தடுமாறினர். நீருக்கு எத்தனை டிகிரி, எண்ணெய்க்கு எத்தனை டிகிரி, மின்கலத்துக்கு எத்தனை டிகிரி என்று நுணுகிக் கணக்கிட்டவர்களின் பட்டியலில் ஓட்டுநருக்கு வரிசையே இருக்கவில்லை. அவருக்கென்று குளிரூட்டும் உள்சட்டையும், வெப்ப அபாயம் என முன்கூட்டி அறிவிக்கும் நடைமுறையும் 2025இல்தான் வந்தன. அவ்வாண்டு சிங்கப்பூரில் முதன்முறையாக அந்த அறிவிப்பு வெளியானது. ரேடியேட்டர் விலாவுக்கு இடம்பெயர்ந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து மனிதனுக்கு முறை வந்திருக்கிறது. பந்தயம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்பவர்களோடு நாம் உடன்படவில்லை. கூடுதல் திறப்புக்குக் கட்ட வேண்டிய வரியை எஞ்சினுக்காகக் கட்டுகிறவர்கள் மனிதனுக்காகவும் கட்டலாம். எல்லோருக்கும் ஒரே வரி என்று விதி சொல்லிவிட்டால் யாருக்கும் இழப்பில்லை.

2026இல் விதிநூல் மீண்டும் மாறியது. அடிவயிற்றுக் குகைகள் போயின, கார் குறுகியது, மின்மோட்டாரின் வலு 120 கிலோவாட்டிலிருந்து 350ஆக உயர்ந்தது. மின்கலமும் மின்னணுப் பகுதிகளும் எஞ்சின் நீரைப்போல் கொதிநிலையை எட்டிப் பிடித்து உழைக்க இயலாதவை. அவை குளிர்ந்தே இருக்க வேண்டும். வெளிக்காற்றுக்கும் அவற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு குறையக் குறைய, அதே வெப்பத்தைக் கொட்டுவதற்குப் பெரிய தகடுகள் வேண்டும். ஆகவே எதை எங்கே அடுக்குவது என்ற பழைய கேள்வி புதிய கூர்மையோடு வந்திருக்கிறது. விதி வகுப்போர் இந்த ஓரிடத்திலாவது கோடுகளைத் தளர்வாக வரைய வேண்டும். ஒருவர் துணிந்து தவறினால் ஓராண்டுக்குள் எலும்பையும் மாற்றிக்கொள்ளச் செலவு வரம்பில் சிறு இடம் விட வேண்டும்.

பார்வையாளர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை விந்தையான விலாவோடு ஒரு கார் வந்து தோற்கும்போது, சிரிப்பதற்கு முன் அது எந்த வெப்பத்துக்கு விடை தேடியது என்று கேட்போம். வென்ற காரைப் பார்க்கும்போதும் அதையே கேட்போம். இரண்டாவது கேள்வியைக் கேட்காதவர்களுக்கு முதலாவதைக் கேட்கும் தகுதி இல்லை.